கை கழுவினேன் என்றால் யாருடைய கை?

“சாப்பிடுவதற்கு முன் கை கழுவினேன்” என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். நர்சிங் முடித்துவிட்டு, வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் தொலைபேசி நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பெண் அவள். தயங்காமல் சொன்னாள்: “ஐ வாஷ்ட் ஹேண்ட் பிஃபோர் ஈட்டிங்.”

வினை சரி, காலம் சரி, சொற்களின் வரிசையும் சரி. “யாருடைய கை?” என்று கேட்டேன். “என் கைதான் டீச்சர். வேறு யார் கையைக் கழுவப்போகிறேன்?” என்றாள். நீ வேலைக்குப் போகும் வார்டில் நோயாளியின் கையையும் நீதானே கழுவிவிடவேண்டும் என்றேன். சற்று யோசித்தாள். பிறகு “ஐ வாஷ்ட் மை ஹேண்ட்ஸ்” என்று திருத்திக்கொண்டாள்.

அந்த ஒரு “மை”க்காகத்தான் இதை எழுதுகிறேன். திருவாரூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 32 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்பு நடத்துகிறேன். சிங்கப்பூருக்குப் போகும் பையன்கள், நர்சிங் படித்த பெண்கள், வங்கித் தேர்வு எழுதுகிறவர்கள், அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர் ஒருவர் என்று பலரும் வருகிறார்கள். வினைச்சொல்லின் மூன்று வடிவங்களையும் நிறுத்தாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் உடைமைச் சொல், பெயர்ச்சொல், வினைச்சொல் மூன்றும் அன்றாட ஆங்கிலத்தில் எப்படிக் கைகோத்து நடக்கின்றன என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. தமிழை வைத்தே அதைக் காட்டிவிடலாம். கீழே வரும் ஆங்கில வாக்கியங்களை மனத்துக்குள் படிக்காதீர்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள், காதுதான் இதைக் கற்றுக்கொள்ளும்.

முதலில் “கொள்” என்ற நம் துணைவினையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கதிர் அறுக்கும் நாளில் வயலிலிருந்து ஒருவர் ஓடி வந்து, “அரிவாளால் கையை வெட்டிக்கொண்டான்” என்று சொன்னால், வெட்டுப்பட்டது அவனுடைய சொந்தக் கை. வீட்டில் மஞ்சளும் துணியும் தேடுவோம். அதே ஆள் “அரிவாளால் கையை வெட்டினான்” என்று சொன்னால் வேறொருவர் கை. ஊரே திரண்டுவிடும். “யாருடைய” என்ற செய்தியைத் தமிழ் அங்கே வினையின் வாலில் கட்டி வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் “கொள்” கிடையாது. அந்தச் செய்தியை அது பெயர்ச்சொல்லின் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது: “ஹி கட் ஹிஸ் ஹேண்ட் வித் எ சிக்கிள்.”

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது இதுதான். தமிழ் வாக்கியத்தில் “கொண்டேன், கொண்டாள், கொண்டார்” என்று வந்து, கூடவே உடல் உறுப்போ உடுப்போ மனமோ இருந்தால், ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு முன் “மை, ஹெர், ஹிஸ்” வந்தாகவேண்டும். தலையை வாரிக்கொண்டாள், “ஷீ கோம்ட் ஹெர் ஹேர்.” செருப்பை மாட்டிக்கொண்டேன், “ஐ புட் ஆன் மை ஸ்லிப்பர்ஸ்.” கண்ணை மூடிக்கொள், “க்ளோஸ் யுவர் ஐஸ்.” காலை ஒடித்துக்கொண்டான், “ஹி ப்ரோக் ஹிஸ் லெக்.” மனத்தை மாற்றிக்கொண்டார், “ஹி சேஞ்ச்ட் ஹிஸ் மைண்ட்.”

எல்லாக் “கொள்”ளும் இப்படி இல்லை. “நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள்” என்பதில் அது வேலை தொடர்வதைச் சொல்கிறது. “பேசிக்கொண்டார்கள்” என்றால் ஒருவருக்கொருவர் பேசினார்கள். அங்கெல்லாம் உடைமைச் சொல்லைத் தேடவேண்டாம். இன்னொரு பக்கம், “பல் விளக்கினேன்”, “முகம் கழுவினான்” என்று “கொள்” இல்லாமலும் நாம் பேசுகிறோம். அப்போது “கொள்” சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பல் விளக்கிக்கொண்டேன் என்று சொன்னாலும் பொருள் மாறாமல் நின்றால், ஆங்கிலத்தில் “மை” வரவேண்டும்: “ஐ பிரஷ்ட் மை டீத்.”

இதைப் பழக, காலையில் எழுந்ததிலிருந்து பஸ் ஏறும்வரை நடந்ததை மாணவர்களை ஆங்கிலத்தில் சொல்ல வைக்கிறேன். பாயைச் சுருட்டினேன், பல் விளக்கினேன், தலை பின்னிக்கொண்டேன், சாப்பாடு கட்டிக்கொண்டேன், பஸ்ஸைத் தவறவிட்டேன். “ஐ ரோல்ட் அப் மை மேட். ஐ பிரஷ்ட் மை டீத். ஐ ப்ளேட்டட் மை ஹேர். ஐ பேக்ட் மை லஞ்ச். ஐ மிஸ்ட் மை பஸ்.” இந்தக் கடைசி வாக்கியத்தில் அந்த நர்சிங் பெண் என்னை நிறுத்தினாள். “பஸ் என்னுடையது இல்லையே டீச்சர்?”

மிக நல்ல கேள்வி அது. பதினோராம் வகுப்பில் இப்படி ஒரு கேள்வி கேட்ட பிள்ளை யாராவது இருந்தார்களா என்று நினைத்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. உடைமைச் சொல் என்று பெயர் வைத்துவிட்டதால் அதைப் பட்டா என்று நினைத்துவிடுகிறோம். “மை பஸ்” என்றால் நான் வழக்கமாகப் போகும் பஸ். “மை டாக்டர்” என்றால் என்னைப் பார்க்கும் மருத்துவர். “மை சீட்”, “மை டர்ன்”, “மை வில்லேஜ்” எதற்கும் பத்திரம் கிடையாது. நாமும் “என் பஸ் போய்விட்டது” என்று சொல்கிறோம், “எங்கள் ஊர் ஆறு” என்று சொல்கிறோம். அந்த ஒட்டுறவுதான் இந்தச் சொல்லின் பொருள். சொத்து அதில் ஒரு வகை, அவ்வளவுதான்.

ஓரிடத்தில் மட்டும் இந்த விதி திரும்பி நடக்கும். வினை நேரே ஆளைத் தாக்கிவிட்டு, எங்கே பட்டது என்று பின்னால் உறுப்பைச் சொன்னால், உறுப்புக்கு முன் “தி” வரும். வயலில் பாம்பு கடித்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். “எ ஸ்னேக் பிட் ஹிம் ஆன் தி லெக்.” “ஹிம்” என்று ஆளைச் சொல்லியாகிவிட்டது, இனிக் கால் யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. “என் கையைப் பிடித்து அழைத்துப்போனாள்” என்பதும் இப்படித்தான்: “ஷீ டுக் மீ பை தி ஹேண்ட்.”

இனி “தன்”. தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் அருமையான சொல் இது. கொள்முதல் நிலையத்துக்கு முருகனும் செல்வமும் போகிறார்கள். “முருகன் செல்வத்தின் வண்டியில் தன் மூட்டைகளை ஏற்றினான்” என்றால் மூட்டைகள் முருகனுடையவை. “அவன் மூட்டைகளை” என்று சொன்னால் செல்வத்தினுடையவையாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் “ஹிஸ்” ஒன்றுதான். “முருகன் லோடட் ஹிஸ் சாக்ஸ் ஆன் செல்வம்’ஸ் கார்ட்” என்றால் கேட்கிறவர் சூழலை வைத்து ஊகிப்பார். குழப்பம் வரும் என்று தோன்றினால் “ஓன்” சேருங்கள்: “ஹிஸ் ஓன் சாக்ஸ்.” நம் “தன்” செய்யும் வேலையை அங்கே “ஓன்” செய்யும். ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் “ஓன்” போட்டால் சண்டைக்கு நிற்பதுபோல் கேட்கும்.

“எங்கள்”, “நம்” விஷயமும் இதே மாதிரிதான். கேட்கிறவரைச் சேர்க்காத “எங்கள்”, அவரையும் சேர்த்துக்கொள்ளும் “நம்” என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒரே “அவர்”. ஒலியில் நம்முடைய மரியாதை “அவர்” போலவே இருக்கும். அதோடு நாம் பணிவாகவும் பழக்கத்தாலும் “எங்கள் வீடு”, “எங்கள் அப்பா” என்று பேசுகிறோம். தனி ஆளாக நின்று ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால், கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்பவர் தேடுவார். “மை ஹவுஸ், மை ஃபாதர்” என்று சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இதைச் சொல்லவே கூச்சப்படுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டைத் தனக்கென்று பிடுங்கிக்கொள்வதுபோல் அவர்களுக்குத் தோன்றுகிறது.

பெயர்ச்சொல்லோடு ஒட்டும் “ஸ்” பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். எழுத்தில் அதற்கு முன்னால் தலைக்கு மேல் ஒரு சிறு கொக்கி தொங்கும். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தெரு விவசாயி ஒருவர் அந்தக் கொக்கியால் சம்பா நடவு நேரத்தில் 15 நாட்களை இழந்தார். அவருடைய அண்ணன்கள் இருவரும் வெளிநாட்டில். அவர்கள் நிலத்தையும் இவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஓர் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் தட்டச்சு செய்து கொடுத்தார். அதில் “மை பிரதர்’ஸ் லேண்ட்” என்று இருந்தது. கூட இணைத்ததோ இருவருடைய ஆவணங்கள். எந்த அண்ணனுடைய நிலம் என்று கேட்டுக் கடிதம் திரும்பி வந்தது. என்னிடம் கொண்டுவந்து காட்டினார். கொக்கி ஓர் எழுத்து தள்ளி இருந்திருக்கவேண்டும். “மை பிரதர்ஸ்’ லேண்ட்” என்று எழுதிக் கொடுத்தேன். காதுக்கு இரண்டும் ஒன்றேதான், கண்ணுக்குத்தான் வேறுபாடு.

அன்றிலிருந்து கொக்கியை நான் வரப்பு என்றே சொல்லிக்கொடுக்கிறேன். வரப்புக்கு இடப்பக்கம் என்ன நிற்கிறதோ அதுதான் உரிமையாளர். இடப்பக்கம் “பிரதர்” நின்றால் ஒருவர். “பிரதர்ஸ்” நின்றால் பலர். “சில்ட்ரன்” என்பது ஏற்கெனவே பன்மை, அதனால் அதை முழுதாக நிறுத்திவிட்டு வரப்பைப் போட்டு “ஸ்” சேர்க்கவேண்டும்: “சில்ட்ரன்’ஸ்.” எழுதும்போது முதலில் உரிமையாளரை முழுச்சொல்லாக எழுதுங்கள். அடுத்து வரப்பு. சொல் “ஸ்” சேர்ந்த பன்மையாக முடிந்திருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், இல்லையென்றால் “ஸ்” சேருங்கள். இந்த வரிசையில் செய்தால் தவறு வரவே வராது.

பாகம் பிரித்த நிலத்துக்கும் பிரிக்காத நிலத்துக்கும்கூட வரப்புக் கணக்கு உண்டு. ராமனும் குமாரும் சேர்ந்து வைத்திருக்கும் ஒரே வயல், “ராமன் அண்ட் குமார்’ஸ் ஃபீல்ட்”. கடைசிப் பெயரில் மட்டும் கொக்கி. பிரித்து ஆளுக்கொன்றாகிவிட்டால் “ராமன்’ஸ் அண்ட் குமார்’ஸ் ஃபீல்ட்ஸ்”. ஆளுக்கொரு கொக்கி, வயலும் பன்மை. பாகப்பிரிவினையைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும்.

“ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ்” எதற்கும் கொக்கி தேவையில்லை. “இட்ஸ்” என்பதற்கும் உடைமைப் பொருளில் தேவையில்லை. “மாடு தன் வாலை ஆட்டியது” என்றால் கொக்கியில்லாத “இட்ஸ் டெய்ல்”. கொக்கி போட்ட “இட்’ஸ்” என்பது “இட் இஸ்” சுருங்கியது. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்கள் “எஸ்” என்ற ஈற்றைச் சேர்த்து உடைமையைக் காட்டின. அந்த “எ” உதிர்ந்த இடத்தின் அடையாளமாகத்தான் பெயர்ச்சொல்லில் கொக்கி வந்தது. நம் ஆறாம் வேற்றுமைத் தொகையில் உருபு மறைந்துவிடுவதோடு ஒப்பிட்டால், அவர்கள் மறைந்த இடத்தில் ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

ஒலியையும் கவனியுங்கள். “கேட்’ஸ்” என்னும்போது “ஸ்” சீறும். “டாக்’ஸ்”, “மதர்’ஸ்” என்னும்போது அது வண்டு ரீங்கரிப்பதுபோல் தொண்டையில் அதிரும். நம் எழுத்தில் அதற்கு வடிவம் இல்லை, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் தெரியும். ஏற்கெனவே சீறும் ஒலியில் முடிகிற “பாஸ்” போன்ற சொல்லுக்கு “பாஸிஸ்” என்று ஓர் அசை கூடும். இதையெல்லாம் நம் வாய்க்குப் பழக்க முடியுமா என்று தயங்குகிறவர்களுக்கு வலங்கைமானைக் காட்டுகிறேன். இங்கிருந்து பக்கம்தான். 1869-ல் அங்கே பிறந்து, கும்பகோணத்தில் படித்து, பள்ளி ஆசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியை, அவருடைய ஆங்கிலத்துக்காக “சில்வர் டங்” என்று, அதாவது வெள்ளி நாக்கு என்று உலகம் அழைத்தது. இந்த மண்ணின் நாக்குதான் அதுவும்.

உயிருள்ளவற்றுக்கு “ஸ்” இயல்பாக வரும். பசும்பால் “கௌ’ஸ் மில்க்”. காலத்துக்கும் வரும்: “டுடே’ஸ் ப்ரைஸ்”, “எ வீக்’ஸ் வேஜஸ்”, “டூ டேஸ்’ லீவ்”. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்துவிட்டால், “திஸ் இயர்’ஸ் குறுவை” நன்றாக இருக்கும் என்று சொல்லலாம். உயிரில்லாப் பொருள்களில் பெரும்பாலும் இரண்டு பெயரை அப்படியே அடுத்தடுத்து வைத்துவிடுவார்கள்: “டெம்பிள் டேங்க்”, “ரைஸ் மில்”, “பஸ் ஸ்டாண்ட்”. இது நமக்கு நன்றாகத் தெரிந்த வழி. கோயில் குளம், நெல் மூட்டை என்று நாமும் அடுக்குகிறோம், கடைசிச் சொல்தான் தலைமைச் சொல் என்பதும் ஒன்றே. ஆனால் நாம் “வீடு” என்பதை “வீட்டு” என்றும், “மாடு” என்பதை “மாட்டு” என்றும் வளைக்கிறோம். அவர்கள் வளைப்பதில்லை. முன்னால் நிற்பதைப் பெரும்பாலும் ஒருமையிலேயே விடுவார்கள். பத்துத் தென்னை மரம் என்றாலும் “டென் கோகோனட் ட்ரீஸ்”.

“ஆஃப்” வரும்போது வினை தடம் மாறும், அங்கே விழிப்பாக இருங்கள். “விதைகளின் விலை ஏறிவிட்டது” என்னும்போது தமிழில் “விலை” வினைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. எது ஏறியது என்பதில் சந்தேகம் வராது. ஆங்கிலத்தில் “தி ப்ரைஸ் ஆஃப் தி சீட்ஸ்” என்று விலை முன்னால் போய்விடுகிறது, வினைக்குப் பக்கத்தில் “சீட்ஸ்” என்ற பன்மை வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதைப் பார்த்து “ஹேவ் கான் அப்” என்று போட்டுவிடுவார்கள். “ஹாஸ் கான் அப்” என்பதே சரி. “ஆஃப்” வந்தால் அதற்கு முன்னால் நிற்கும் பெயரைப் பார்த்து வினையைப் போடுங்கள். “ஸ்” வந்தால் அதற்குப் பின்னால் நிற்கும் பெயரைப் பாருங்கள்: “மை பிரதர்’ஸ் சில்ட்ரன் ஆர் இன் திருச்சி.” என் நண்பர்களில் ஒருவர் என்பதற்கு “ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்”. நண்பர் பன்மை, வினை ஒருமை. நேர்காணல்களில் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. “மை” இருக்கும் இடத்தில் “எ”, “தி” இரண்டும் கூட நிற்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் நண்பர் ஒருவர், “எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்”. என் நண்பர்கள் எல்லோரும், “ஆல் மை ஃப்ரெண்ட்ஸ்”, “ஆல்” முதலில்.

“ஹேவ்” என்ற வினைக்கு வருகிறேன். நீடாமங்கலத்துக்காரர்களுக்கு மூணாறு தலைப்பை, அதாவது ஆற்று நீரைப் பிரித்துவிடும் மதகுகளை, தெரியும். ஒரே ஆறாக வரும் வெண்ணாறு அங்கே வந்து வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு என்று பிரிகிறது. “ஹேவ்” தலைப்புக்கு மேலே இருக்கும் ஆறு. தமிழ் அதை மூன்றாகப் பிரித்துவிடுகிறது. எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள். என்னிடம் பணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு பசு இருக்கிறது. உறவுக்கு “எனக்கு”, கையிருப்புக்கு “என்னிடம்”, மற்றதற்கு இடம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே வாய்க்கால்: “ஐ ஹேவ் டூ பிரதர்ஸ். ஐ ஹேவ் மணி. வீ ஹேவ் எ கௌ.” தமிழில் இருப்பது எழுவாய், ஆங்கிலத்தில் உடையவர் எழுவாய். அதனால் “எனக்கு, என்னிடம்” என்று தொடங்கும் வாக்கியத்தை “டு மீ” என்றோ “வித் மீ” என்றோ தொடங்காதீர்கள். ஆளைத் தூக்கி முன்னால் வையுங்கள். எனக்குக் காய்ச்சல், “ஐ ஹேவ் எ ஃபீவர்”. எனக்குத் தலை வலிக்கிறது, “ஐ ஹேவ் எ ஹெடேக்”.

“இருக்கிறது” என்பது நடந்துகொண்டிருக்கும் வேலைபோல் ஒலிப்பதால் “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்” என்று சொல்லத் தோன்றும். அண்ணன் இருப்பது நடந்துகொண்டிருக்கும் வேலை இல்லை, “ஹேவ்” போதும். அதே “ஹேவிங்”, சாப்பிடுவதற்கும் குளிப்பதற்கும் பொருத்தமாக இருக்கும். “ஐ ஆம் ஹேவிங் மை லஞ்ச்” என்று தாராளமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது உண்மையிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

பெயரும் வினையும் ஜோடியாக வருமிடங்களில் தமிழ் வினையை மொழிபெயர்க்காதீர்கள். நாம் கனவைக் காண்கிறோம், அவர்கள் கனவை வைத்திருக்கிறார்கள்: “ஐ ஹேட் எ ட்ரீம்.” நாம் மருந்து சாப்பிடுகிறோம், அவர்கள் மருந்தை எடுக்கிறார்கள்: “டேக் யுவர் மெடிசின்.” மாத்திரையோடு “ஈட்” சேர்த்தால் வார்டில் யாருக்கும் பிடிபடாமல் போகாது, ஆனால் புதியவள் என்று தெரிந்துவிடும். தவறு “மேக்”, வீட்டுப்பாடம் “டூ”. பொய் “டெல்”, நம் சொல்லோடு ஒத்துப்போகிறது. உதவி செய் என்பதை “டூ எ ஹெல்ப்” என்று சொல்லவேண்டாம். அங்கே “ஹெல்ப்” தானே வினை: “ப்ளீஸ் ஹெல்ப் மீ.” செடிக்குத் தண்ணீர் ஊற்று என்பதற்கும் அப்படியே, தண்ணீரே வினையாகிவிடும்: “வாட்டர் தி ப்ளாண்ட்ஸ்.”

வினை, உடைமை, பெயர் மூன்றும் பிரியாமல் ஒட்டிக்கொண்ட தொடர்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. “டேக் யுவர் டைம்”, நிதானமாகச் செய். “டூ யுவர் பெஸ்ட்”, முடிந்தவரை செய். “ஷீ லாஸ்ட் ஹெர் வே”, வழி தவறிவிட்டாள். “ஹி லாஸ்ட் ஹிஸ் டெம்பர்”, கோபத்தில் நிதானம் இழந்தான். “ஐ ஆம் ஆன் மை வே”, வந்துகொண்டிருக்கிறேன். “ஹி கெப்ட் ஹிஸ் வேர்ட்”, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சொல்லைக் காப்பது என்று இரண்டு மொழியும் ஒன்றுபோல் நினைத்திருக்கிறதே என்று இதைச் சொல்லித்தரும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். கைகழுவி விடுவதும் இரண்டிலும் உண்டு: “ஐ வாஷ்ட் மை ஹேண்ட்ஸ் ஆஃப் இட்.” இந்தத் தொடர்களில் வினையும் பெயரும் மாறாது. நடுவில் நிற்கும் உடைமைச் சொல் மட்டும் செய்கிறவரைப் பார்த்து மாறும். “ஐ” என்றால் “மை”, “தே” என்றால் “தெய்ர்”. ஒவ்வொரு தொடரையும் ஐந்து ஆள்களை வைத்துச் சொல்லிப் பாருங்கள். “ஐ லாஸ்ட் மை வே, ஹி லாஸ்ட் ஹிஸ் வே, ஷீ லாஸ்ட் ஹெர் வே, வீ லாஸ்ட் அவர் வே, தே லாஸ்ட் தெய்ர் வே.” ஒரு வாரத்துக்கு ஒரு தொடர் போதும்.

வினை பெயராக மாறி நின்றால் அதற்கும் உடையவர் வேண்டும். “நான் தாமதமாக வந்ததற்கு மன்னியுங்கள்” என்பதில் நாம் “நான்” என்கிறோம். கடிதத்தில் “ப்ளீஸ் எக்ஸ்க்யூஸ் மை கமிங் லேட்” என்று எழுதினால் அழகு. பேச்சில் “மீ கமிங்” என்றும் சொல்கிறார்கள், அதுவும் தவறில்லை. “ஐ கமிங்” மட்டும் கூடாது.

அந்த நர்சிங் பெண்ணுக்கு நேர்காணலில் அப்பாவைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். முதலில் அவள் வைத்திருந்த பதில் “ஃபாதர் டூயிங் அக்ரிகல்ச்சர். ஹேவிங் நைன் மா.” நம் ஊரில் ஒன்பது மா என்றால் எல்லோருக்கும் விளங்கும். ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு மா தெரியாது. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கேட்டோம். யாருடைய ஃபாதர்? “மை ஃபாதர்.” அவர் செய்வது தொழில், தொழிலுக்கு “இஸ்” போதும். நிலம் அவரிடம் இருக்கிறது, அவரை முன்னால் வை, “ஹாஸ்” போடு. “மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர். ஹி ஹாஸ் த்ரீ ஏக்கர்ஸ் ஆஃப் லேண்ட்.” பிறகு அவளாகவே ஒரு வாக்கியம் சேர்த்தாள்: “மை மதர்’ஸ் ஜுவல்ஸ் பெய்ட் மை காலேஜ் ஃபீஸ்.” அம்மாவின் நகைகள் என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டின. இரண்டு “மை”, ஒரு கொக்கி, எல்லாம் அதனதன் இடத்தில். அதில் திருத்த எனக்கு எதுவும் இருக்கவில்லை.

உங்களுக்குச் சில வாக்கியங்கள் தருகிறேன். தாளில் எழுதாமல் வாயால் சொல்லுங்கள். “என் தங்கை முடிவை மாற்றிக்கொண்டாள்.” இங்கே “மை சிஸ்டர் சேஞ்ச்ட் ஹெர் மைண்ட்” என்று வந்தால் “கொள்” உங்கள் கைவசம் ஆகிவிட்டது. “பக்கத்து வீட்டுக்காரர்களின் மாடு எங்கள் வயலில் மேய்ந்தது.” வீட்டுக்காரர்கள் பலர், எழுதினால் கொக்கி “ஸ்”ஸுக்குப் பின்னால் போகவேண்டும். “அவருக்கு மூன்று பெண்கள்.” “ஹி ஹாஸ் த்ரீ டாட்டர்ஸ்”, ஆள் முன்னால் வந்துவிட்டார். கடைசியாக ஒன்று: “என் அப்பா செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போய்க் கால் கழுவிக்கொண்டார்.” இதற்கு விடை எழுதப்போவதில்லை. ஒரு “மை”யும் இரண்டு “ஹிஸ்”ஸும் வரவேண்டும்.